செயின்ட் லூயிஸ் டொர்னேடோ: சைரன் ஏன் ஒலிக்கவில்லை?

கேட்வே_கணேசன் (இழையைத் தொடங்கியவர்)

2025 மே 16 அன்று அமெரிக்காவில் நம் செயின்ட் லூயிஸ் நகரத்தை டொர்னேடோ என்ற சுழற்காற்று தாக்கிய சம்பவம் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களில் இன்னமும் ஒரு ஃபார்வர்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. வெதர் சர்வீஸ் எச்சரிக்கையே விடவில்லையாம், அதனால்தான் இத்தனை சேதமாம். இது உண்மையில்லை. கோபம் நியாயமானது, எனக்கும் இருக்கிறது. ஆனால் தவறான ஆளைத் திட்டிக்கொண்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் சத்தமில்லாமல் நழுவிவிடுவார்கள். அதற்காகத்தான் இந்த இழை.

நடந்தது இதுதான். அன்று வெள்ளிக்கிழமை. மதியம் 2:34-க்கு வெல்டன் ஸ்பிரிங்கில் இருக்கும் தேசிய வானிலைச் சேவை அலுவலகம் டொர்னேடோ எச்சரிக்கை விட்டுவிட்டது. அடுத்த சில நிமிடங்களில் கிளேட்டன் என்ற புறநகர்ப் பக்கம் சுழல் தரையைத் தொட்டது. ஃபாரஸ்ட் பார்க் மரங்களைச் சாய்த்துவிட்டு வடக்கு செயின்ட் லூயிஸுக்குள் நுழைந்தது, மிசிசிப்பியைத் தாண்டி இல்லினாய் வரை போனது. டொர்னேடோவின் வலிமையை 0 முதல் 5 வரை தரம் பிரிக்கும் இ.எஃப் அளவில் 3, அதாவது இ.எஃப்-3 ரகம். காற்று மணிக்கு 245 கிலோமீட்டர் வேகம் வரை. சுழலின் அகலம் ஓரிடத்தில் ஒரு மைல் அளவுக்கு. சேதமான கட்டடங்கள் ஐயாயிரத்துக்கு மேல். 5 பேர் இறந்தார்கள்.

போனில் அலெர்ட் வந்தது, டி.வி.யில் வந்தது. நகரத்தின் சைரன்கள் மட்டும் கடைசி வரை ஒலிக்கவே இல்லை.

சைரனை இயக்க வேண்டியது மாநகராட்சியின் அவசரகால மேலாண்மை அலுவலகம். அன்று அதன் தலைவரும் ஊழியர்களும் வேறு கட்டடத்தில் ஒரு பயிலரங்கில் இருந்தார்கள். தீயணைப்புத் துறைக்குப் போன் போனது. ஆனால் சைரனை நீங்கள் போடுங்கள் என்று தெளிவான உத்தரவு அந்தப் பேச்சில் இல்லை. இதை மேயர் காரா ஸ்பென்சரே வெளியில் சொன்னார். சரி, தெளிவாகச் சொல்லியிருந்தால்? சில நாள் கழித்துத் தீயணைப்புத் துறையிடம் இருந்த பொத்தானைச் சோதித்தார்கள். அது வேலை செய்யவில்லை! அதாவது முதல் பொத்தான் அருகே ஆள் இல்லை, மாற்றுப் பொத்தானுக்கு உயிர் இல்லை.

அலுவலகத் தலைவரை விடுப்பில் அனுப்பினார்கள். சைரன் பொறுப்பைத் தீயணைப்புத் துறைக்கு மாற்றி மேயர் உத்தரவு போட்டார். இதோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். எனக்கு முடியவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை 11 மணிக்கு சைரன் சோதனை நடப்பது ஊருக்கே தெரியும், ஆபீஸில் மீட்டிங் நடுவில் கேட்கும். அந்தச் சோதனை எந்தப் பொத்தானில் நடந்தது? மாற்றுப் பொத்தானை யாராவது, எப்போதாவது அழுத்திப் பார்த்தார்களா?

இந்த ஊருக்கு டொர்னேடோ புதிதும் இல்லை. 1896 மே மாதம் 255 பேரைக் கொன்ற சுழல் இதே நகரத்தின் நடுவில்தான் போனது. 1927-ல் மறுபடி. 1959 பிப்ரவரியில் நடு இரவில் வந்து 21 பேரைக் கொண்டுபோனது. இத்தனைக்குப் பிறகும் பொத்தானை யார் அழுத்துவது என்பது ஒரு போன் பேச்சின் குழப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஓசார்க்_தமிழன்

கணேசன் சார், விவரங்கள் சரி. ஆனால் வெதர் சர்வீஸுக்கு இவ்வளவு சீக்கிரம் நற்சான்று கொடுத்துவிட வேண்டாம்.

2025 தொடக்கத்திலிருந்து அங்கே 500 பேருக்கு மேல் வெளியே போனார்கள், சிலர் ஆட்குறைப்பில், மீதிப் பேர் தாமாகவே. சில ஊர்களில் தினமும் விட வேண்டிய வானிலை பலூனைக்கூடக் குறைத்துவிட்டார்கள். மே மாத ஆரம்பத்தில் அந்தத் துறையின் முன்னாள் இயக்குநர்கள் ஐந்து பேர் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்: ஆள் பற்றாக்குறையால் வீணாக உயிர் போகும் நிலை வந்துவிடுமோ என்று. அடுத்த இரண்டு வாரத்தில் என்ன ஆனது? செயின்ட் லூயிஸ் நடந்த அதே மே 16 இரவு கென்டக்கியில் லண்டன் என்ற ஊர்ப் பக்கம் இ.எஃப்-4. அந்த மாநிலத்தில் மட்டும் 19 பேர் செத்தார்கள். அந்தப் பகுதியைக் கவனிக்கும் ஜாக்சன் அலுவலகத்தில் ராத்திரி ஷிப்ட்டுக்கு ஆள் போட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

நகராட்சியைத் திட்டுங்கள், தாராளமாக. வாஷிங்டனையும் சேர்த்துத் திட்டுங்கள்.

நார்மன்_வாசி

ஓக்லஹோமா நார்மனில் இருக்கிறேன். வானிலை ஆய்வுதான் என் வேலை என்பதால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓசார்க் அண்ணனுக்கு. ஜாக்சன் அலுவலகத்தில் இரவுப் பணிக்கு ஆள் குறைவு என்பது உண்மை. ஆனால் மே 16 இரவு புயல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததால் அன்றைக்குக் கூடுதல் ஆட்களை வரவழைத்து உட்கார வைத்தார்கள். எச்சரிக்கைகளும் நேரத்துக்கே போயின. அப்படியும் 19 உயிர்கள். காரணம், நடு ராத்திரி, தூக்கம், காற்றைத் தாங்காத மொபைல் வீடுகள், செல்போன் டவர் சரியாக எட்டாத மலைப் பகுதி. ஆட்குறைப்பு ஆபத்தானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. களைத்துப்போன ஆட்களை வைத்து எத்தனை இரவு இப்படிச் சமாளிக்க முடியும்? ஆனால் அன்றைய சாவுக்கு அதைக் காரணமாகச் சொன்னால், நாளைக்கு எதிர்த்தரப்பு அந்த ஒரு தவறைப் பிடித்துக்கொண்டு மொத்த வாதத்தையும் ஊதித் தள்ளிவிடும்.

அப்புறம், எச்சரிக்கை ஏன் சில நேரம் தாமதமாகிறது, சில நேரம் வராமலே போகிறது என்பது. ரேடார் வானத்தை முழுதாக ஒரு சுற்றுப் பார்த்து முடிக்க 4 முதல் 6 நிமிடம். இப்போது தாழ்வான கோணத்தை மட்டும் நடுநடுவே திரும்பப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது, முன்னைக்கு எவ்வளவோ தேவலை. ஆனால் வரிசையாக நகரும் இடிமழைக் கூட்டத்துக்குள் முளைக்கும் சின்னச் சுழல்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் பிறந்து, வீட்டை உடைத்து, மறைந்தும் விடும். ரேடாரின் ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் நடுவிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

இன்னொன்று தூரம். பூமி வளைவதால் கதிர் போகப்போக மேலே ஏறிவிடும். ரேடாரிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊரில் மிகத் தாழ்ந்த கதிரே தரைக்கு மேலே ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில்தான் போகும். அதற்குக் கீழே என்ன சுற்றுகிறது என்று தெரியாது. நம்மவர்கள் நிறைய இருக்கும் வட கரோலினாவின் சார்லட் நகரத்துக்கு இந்தப் பிரச்சினை ரொம்ப நாளாக இருக்கிறது. அவர்களுக்கான பெரிய ரேடார் தெற்கு கரோலினாவில், கிரீர் என்ற ஊரில். நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.

செயின்ட் லூயிஸுக்கு இந்தச் சாக்கு எதுவுமே பொருந்தாது என்பதுதான் வேதனை. ரேடார் பக்கத்திலேயே இருக்கிறது, பட்டப்பகல், சுழல் பெரியது, எச்சரிக்கையும் வந்தது. வானிலைக்காரர்கள் தங்கள் பங்கை முடித்த பிறகு மனிதர்கள் கோட்டைவிட்ட சம்பவம் இது. கணேசன் சொல்வதோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

டாலஸ்_வேலு

எதிர்க்கருத்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் போனில் இந்த அலெர்ட்டையெல்லாம் அணைத்து வைத்திருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாக டெக்சாஸில் இருக்கிறேன். வசந்த காலம் வந்தால் வாரம் தவறாமல் அலறும், குழந்தைகள் பயந்து அழும், பாத்ரூமில் போய் உட்காருவோம், கொஞ்ச நேரத்தில் வெயில் அடிக்கும். எப்போதும் கத்திக்கொண்டே இருந்தால் எவன் கேட்பான்? சைரன் ஒலிக்கவில்லை என்று இவ்வளவு பேசுகிறீர்களே, ஒலித்திருந்தால் மட்டும் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்?

தில்லை

வேலு, நீங்கள் அணைத்து வைத்திருப்பது உங்கள் இஷ்டம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது சரியா என்று ஒருமுறை யோசியுங்கள்.

நார்மன்_வாசி

வேலுவின் கேள்வியை ஒதுக்கித் தள்ள முடியாது. அமெரிக்கா முழுக்கக் கணக்குப் பார்த்தால் டொர்னேடோ எச்சரிக்கைகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு முறை டொர்னேடோ வருவதில்லை. இதை வைத்து ஆய்வுக் கட்டுரைகளே நிறைய வந்திருக்கின்றன.

இதற்குப் பெரிய பாடம் ஜாப்ளின், இதே மிசோரி மாநிலம். 2011 மே 22, ஞாயிறு சாயங்காலம். 5:11-க்கு ஒரு தடவை சைரன் ஒலித்தது. 5:17-க்கு ஊருக்கான எச்சரிக்கை வந்தது. 5:34-க்கு சுழல் தரை தொட்டது. 5:38-க்கு மறுபடி சைரன். அதாவது அவகாசம் இருந்தது. 158 பேர் இறந்தார்கள். பிறகு வானிலைச் சேவையே ஆளனுப்பி, பிழைத்தவர்களிடம் பேசி அறிக்கை எழுதியது. முதல் சைரன் கேட்டதும் பலர் இடத்தை விட்டு அசையவில்லை. டி.வி. போட்டார்கள், வாசலில் வந்து வானத்தைப் பார்த்தார்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். இரண்டாவதாக ஏதாவது ஓர் அடையாளம் தெரியும் வரை காத்திருந்தார்கள். அடிக்கடி கேட்டுக் கேட்டுப் பழகிப்போன சத்தத்துக்கு மரியாதை போய்விட்டது.

அதற்குப் பிறகு 2012-லிருந்து எச்சரிக்கையின் வாசகத்தையே மாற்றினார்கள். இது ரேடாரில் மட்டும் தெரிகிறதா, நேரில் பார்த்து உறுதியானதா, எவ்வளவு சேதம் செய்யக்கூடியது என்று தரம் பிரித்துச் சொல்கிறார்கள்.

ஆனால் வேலு, ஒன்றைக் கவனியுங்கள். 2007 அக்டோபரிலிருந்து எச்சரிக்கை முழுக் கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) விடப்படுவதில்லை, புயல் போகும் பாதையை மட்டும் வரைபடத்தில் கட்டம் போட்டுத்தான் விடுகிறார்கள். 2019 கடைசியிலிருந்து புதிய போன்கள் அந்தக் கட்டத்துக்குள் நீங்கள் இருக்கிறீர்களா என்று பார்த்துத்தான் அலறும். பழைய காலத்து எரிச்சலை வைத்து இன்றைய அலெர்ட்டை அணைத்துவிடாதீர்கள். பல ஊர்களில் சைரன்தான் இன்னமும் முழுக் கவுண்டிக்கும் ஒரே நேரத்தில் ஊதுகிறது. மாற்ற வேண்டியது அதை.

பிரியா_எஸ்

நான் சென்ட்ரல் வெஸ்ட் எண்டில் இருக்கிறேன், நகர எல்லைக்குள். நீங்கள் யாருமே பேசாத ஒரு கூட்டம் இருக்கிறது: ஊரிலிருந்து வந்து நம் வீட்டில் தங்கியிருக்கும் அம்மா அப்பாக்கள்.

மே 16 அன்று நான் ஆபீஸில். என் போன் அலறியது. வீட்டில் இருந்த அம்மா அப்பாவின் போனில் ஒன்றுமே வரவில்லை. ஏன்? அப்பா போனில் இருப்பது இந்திய சிம். ரோமிங் காசு பிடித்துவிடும் என்று ஏர்பிளேன் மோடில் போட்டு, வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் பார்ப்பார். இந்த அலெர்ட் செல்போன் டவர் வழியாக வருவது, வைஃபையில் வராது. அம்மாவுக்கு ஐபேட்தான். சாப்பிட்டுவிட்டு, ஏ.சி. போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மதியத் தூக்கம். இவர்களுக்கு வந்திருக்கக்கூடிய ஒரே எச்சரிக்கை அந்த சைரன்.

நான் திரும்பத் திரும்ப வாட்ஸ்அப் கால் போட்டு எழுப்பினேன். பாத்ரூமுக்குள் போங்கள் என்றால் அப்பா, "வானம் ஒரு மாதிரி பச்சையாக இருக்கிறதும்மா, பார்த்துட்டு வர்றேன்" என்று பால்கனிப் பக்கம் போகிறார். அம்மா அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார். எங்களுடையது மூன்றாவது மாடி, ஜன்னல் இல்லாத ஒரே இடம் அந்தக் குளியலறை. எதிர்ச்சாரியில் ஒரு பெரிய மரம் வேரோடு வந்து இரண்டு கார்கள் மேல் கிடந்தது.

அபார்ட்மெண்ட் நிர்வாகம் வாடகை ஒரு நாள் தாமதமானால் மூன்று இமெயில் அனுப்புகிறது. புயல் வந்தால் எந்த மாடிக்கு, எந்த நடைக்கு இறங்க வேண்டும் என்று இதுவரை ஒரு காகிதம் ஒட்டியதில்லை. கேட்டதற்கு, உங்கள் வசதிப்படி பாதுகாப்பான இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

சைரன் பழைய தொழில்நுட்பம், போன் இருக்கிறதே என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: போன் எல்லோருக்கும் இல்லை. எங்கள் வீட்டிலேயே இல்லை.

தில்லை

பிரியா, படிக்கவே பதறுகிறது. அப்பா அம்மா நலம்தானே?

பிரியா_எஸ்

நலம். அம்மா மட்டும் இப்போது காற்று பலமாக அடித்தால் தூங்குவதில்லை.

நார்மன்_வாசி

பிரியா சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வந்ததும் முதல் வேலையாக ஓர் உள்ளூர் ப்ரீபெய்டு சிம் போட்டுக் கொடுங்கள். வெளிநாட்டு சிம்மில் அலெர்ட் வரும் என்று நம்பி இருக்க முடியாது. ஐபோனில் செட்டிங்ஸ் போய், நோட்டிஃபிகேஷன்ஸ் உள்ளே கடைசி வரை இறங்கினால் அரசு எச்சரிக்கைகள் இருக்கும், அது பச்சையாக இருக்க வேண்டும்.

ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைக்கப்பட்டது. கதவைச் சாத்தி ஏ.சி. ஓடும் வீட்டுக்குள் கேட்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அன்று ஒலித்திருந்தாலும் உங்கள் அம்மா அப்பாவுக்குக் கேட்டிருக்காமல் போயிருக்கலாம்.

ஓசார்க்_தமிழன்

நார்மன் தம்பி, தெரிந்துதான் சொல்கிறீர்கள். ஆனால் அதிகாரிகள் எல்லோரும் இந்த வாக்கியத்தைத்தான் கேடயமாகப் பிடிக்கிறார்கள். வீட்டுக்குள் கேட்காது என்றால் வெளியில் இருந்தவர்கள்? வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடம் விடும் நேரம். பஸ் ஸ்டாப்பில், தெருவில், காரில் எத்தனை பேர்? அவர்களுக்காகத்தானே அந்த சைரன்?

நார்மன்_வாசி

அதில் விவாதமே இல்லை, அண்ணா. ஒலித்திருக்க வேண்டும். அது ஒன்றை மட்டும் நம்பக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஹன்ட்ஸ்வில்_மீனா

அலபாமாவிலிருந்து. 2011 ஏப்ரல் 27 எங்கள் பக்கம் நடந்ததை நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் அன்றைக்கு எல்லா வழியும் ஒரே சமயத்தில் அடைபட்டது.

அன்று விடிகாலையிலேயே ஒரு புயல் வரிசை வந்து போனது. மின்கம்பங்கள் சாய்ந்து லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் போய்விட்டது. சில இடங்களில் வெதர் ரேடியோ (வானிலைச் சேவையின் எச்சரிக்கைகளை ஒலிபரப்பும் தனி ரேடியோ) டவர்களும் சைரன்களும் அதோடு நின்றுபோயின. மதியத்துக்கு மேல்தான் உண்மையான அரக்கன் வந்தது: டஸ்கலூசா, ஃபில் கேம்ப்பெல், ஹேக்கல்பர்க். காலையில் கரண்ட் இழந்தவர்களுக்கு மதியம் டி.வி. கிடையாது, இன்டர்நெட் கிடையாது, போன் சார்ஜ் தீர்ந்துகொண்டிருந்தது. அந்த ஒரே நாளில் தென் மாநிலங்களில் 300 பேருக்கு மேல் இறந்தார்கள். வானிலைக்காரர்கள் நாள் கணக்கில் முன்னாலிருந்தே கத்திக்கொண்டிருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, அது போய்ச் சேரும் கம்பி அறுந்துவிட்டது.

ஹன்ட்ஸ்வில் முழுக்க அதன்பிறகு பல நாள் இருட்டு. ஃபிரிட்ஜில் இருந்த மாவெல்லாம் புளித்து, தெருவில் பார்பிக்யூ அடுப்பில் ஊத்தப்பம் ஊற்றிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தோம். அந்த வாரம்தான் பேட்டரியில் ஓடும் வெதர் ரேடியோ வாங்கினோம். இன்றைக்கும் படுக்கை பக்கத்தில் இருக்கிறது.

நைட்ஷிப்ட்

பெரும்பாலும் படிப்பேன், எழுதுவது அரிது. நான் ஐ.டி. இல்லை. இல்லினாய் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை. பெயர் வேண்டாம்.

எச்சரிக்கை வந்தும் அதன்படி நடக்க விடாத இடங்கள் இருக்கின்றன. எங்கள் கிடங்கில் ஷிப்ட் தொடங்கும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று விதி இருந்தது. ஒருநாள் வெளியே சைரன் கேட்கிறது, உள்ளே சூப்பர்வைசர், இந்த லாரி மட்டும் ஏற்றிவிடுங்கள், அப்புறம் போகலாம் என்கிறார். பத்துப் பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் முதலில் நகரவில்லை. வேலை போய்விடுமே என்ற பயம். கடைசியில் ஒரு வயசான மெக்சிகோ அம்மா கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உள்பக்கக் கழிப்பறைக்கு நடந்தார். அவர் பின்னால்தான் நாங்கள் போனோம். அன்று சுழல் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

2021 டிசம்பர் 10 இரவு எட்வர்ட்ஸ்வில் அமேசான் கிடங்கு இடிந்து 6 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதே இரவு கென்டக்கி மேஃபீல்டில் மெழுகுவர்த்தி ஆலை. அங்கே கிளம்பினால் வேலை போய்விடும் என்று மிரட்டினார்கள் எனத் தொழிலாளர்கள் சொன்னார்கள், ஆலை நிர்வாகம் மறுத்தது. எச்சரிக்கை அவர்களுக்கும் நேரத்துக்கு வந்ததுதான்.

கேட்வே_கணேசன்

நைட்ஷிப்ட், எழுதியதற்கு நன்றி. அடிக்கடி எழுதுங்கள். போனை வாங்கி வைத்துக்கொள்கிற இடம் எச்சரிக்கை ரேடியோவாவது வைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வர வேண்டும்.

குளச்சல்_ஜோ

நான் அமெரிக்காவில் இல்லை. குமரி மாவட்டம். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2017 நவம்பர் கடைசி, ஒக்கி. நவம்பர் 29-ம் தேதி காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 30-ம் தேதி காலை புயல். ஒரே நாளில், கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே. கடலுக்குப் போகாதீர்கள் என்று அறிவிப்பு வந்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்கள் ஏற்கெனவே ஆழ்கடலில். அவர்கள் போனால் வாரக்கணக்கில் தங்கிப் பிடிப்பவர்கள். வயர்லெஸ் அந்தத் தூரம் எட்டாது. வானிலைத் துறை நாங்கள் சொல்லிவிட்டோம் என்றது. அரசு நாங்கள் அறிவித்துவிட்டோம் என்றது. படகில் இருந்தவனுக்கு எதுவும் வந்து சேரவில்லை. டிசம்பர் 7-ம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோமே, அந்தக் கோபம் இங்கே கணேசன் எழுதியதில் தெரிகிறது. சொல்லிவிட்டோம் என்று கரையில் இருப்பவர் சொல்லும் சொல்லுக்கும், கேட்டேன் என்று கடலில் இருப்பவன் சொல்ல முடிவதற்கும் நடுவில்தான் எங்கள் ஆட்கள் போனார்கள்.

டாலஸ்_வேலு

ஜோ, உங்கள் வலி புரிகிறது. ஆனால் புயலும் டொர்னேடோவும் ஒன்றில்லை. புயலுக்கு நாள் கணக்கில் நேரம் உண்டு, ஒக்கி விதிவிலக்கு. இங்கே கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடம். பத்து நிமிடத்தில் எந்த அரசு என்ன செய்துவிட முடியும்?

குளச்சல்_ஜோ

பத்து நிமிடத்தில் ஒரு பொத்தானை அழுத்த முடியும், வேலு.

நார்மன்_வாசி

இங்கே ஒரு பழைய சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 1948 மார்ச் 20 இரவு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் டிங்கர் விமானப்படைத் தளத்தை ஒரு டொர்னேடோ அடித்து விமானங்களை நொறுக்கியது. முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. தளபதி, இனி இப்படி நடக்கக்கூடாது என்று ஃபாபுஷ், மில்லர் என்ற இரண்டு வானிலை அதிகாரிகளைப் பிடித்துக்கொண்டார். அவர்கள் பழைய வரைபடங்களைத் தோண்டி எடுத்து ஒப்பிட்டார்கள். ஐந்தாவது நாள், மார்ச் 25, அதேபோன்ற சூழ்நிலை தெரிந்தது. துணிந்து எச்சரிக்கை கொடுத்தார்கள். அன்று மாலையே அதே தளத்தை மறுபடி டொர்னேடோ அடித்தது. விமானங்களை உள்ளே தள்ளி, ஆட்களை ஒதுக்கிவிட்டிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பொதுமக்களுக்கான வானிலை அறிக்கையில் டொர்னேடோ என்ற வார்த்தையையே தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள், மக்கள் பீதியடைவார்களாம். அந்தத் தடை 1950-ல்தான் நீங்கியது. மக்களால் தாங்க முடியாது என்று மேலே இருப்பவர்கள் முடிவு செய்வது அன்றே ஆரம்பித்த பழக்கம். பத்து நிமிடத்தில் என்ன முடியும் என்று வேலு கேட்கிறார். ஜன்னலை விட்டு நகர்ந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கீழ்த்தளத்துக்கோ நடு அறைக்கோ போக இரண்டு நிமிடம் போதும். மீதி எட்டு நிமிடம் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு.

டாலஸ்_வேலு

சரி, ஒத்துக்கொள்கிறேன். பள்ளியிலிருந்து பிள்ளைகள் வருவதற்குள் அலெர்ட்டைத் திரும்பப் போட்டுவிடுகிறேன். பொய் எச்சரிக்கை பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

கேட்வே_கணேசன்

வேலு, இருக்கட்டும், அது நல்ல கேள்விதான்.

போன வாரக் கடைசியில் எங்கள் நண்பர்கள் சிலரோடு வடக்கு செயின்ட் லூயிஸில் குப்பை அள்ளப் போயிருந்தேன். ஃபவுண்டன் பார்க் பக்கம். நூறு வருடத்துச் செங்கல் வீடுகள். ஒரு வீட்டில் தெருப் பக்கச் சுவர் முழுசாக விழுந்துவிட்டது. மேல் மாடியில் விரித்த கட்டில், சுவரில் மாட்டிய பட்டமளிப்புப் படம், கொடியில் தொங்கும் துண்டு எல்லாம் தெருவிலிருந்தே தெரிகிறது. கீழே அந்த வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நல்ல செங்கல்லைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். கூரைகளில் நீலத் தார்ப்பாய். மழை வந்தால் அதுவும் தாங்காது. இன்சூரன்ஸ் இல்லாத வீடுகள் நிறைய. ஃபெடரல் அரசின் பேரிடர் அறிவிப்பே ஜூன் 9-ம் தேதிதான் வந்தது, மூன்று வாரத்துக்கு மேல்.

இந்தப் பகுதியில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், வயதானவர்கள் அதிகம். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், இருந்தும் டேட்டா தீர்ந்தவர்கள், கேபிள் கட்டணம் கட்ட முடியாதவர்கள். சைரன் ஒலிக்காதது எல்லோருக்கும் சமமான இழப்பு இல்லை. கிளேட்டனில் எனக்கு அது ஐந்தாவது எச்சரிக்கை. இவர்களில் பலருக்கு அதுதான் முதலும் கடைசியும். நம் வாட்ஸ்அப் குழுவில் வாஷிங்டன் அரசியலை இரவு முழுக்க விவாதிக்கிறோம், இந்தத் தெருவைப் பற்றி ஒரு வரி இல்லை. இது எனக்கு உறுத்துகிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

நகரத்தில் குடியிருப்பவர்கள் ஆல்டர்மேன் (நகரமன்ற உறுப்பினர்கள்) கூட்டத்துக்குப் போய்க் கேளுங்கள். பொத்தான்கள் எத்தனை, எங்கே, ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது? எச்சரிக்கை வந்ததும் மனிதக் கை இல்லாமல் தானாகவே சைரன் ஒலிக்கும்படி ஏன் வைக்கவில்லை? அலுவலகத்தில் ஒருவர்கூட இல்லாமல் எல்லோரையும் பயிலரங்குக்கு அனுப்பும்போது, அன்றைய வானிலை முன்னறிவிப்பை யார் பார்த்தார்கள்? அன்று கடும் புயல் வரும் என்று காலையிலிருந்தே தெரியும். எனக்கு முதலில் பதில் வேண்டியது இந்தக் கடைசிக் கேள்விக்கு.

ஓசார்க்_தமிழன்

கூட்டம் எந்த நாள் என்று போடுங்கள். நான் நகரவாசி இல்லை, ஆனாலும் வருகிறேன், பின்னால் நிற்கிறேன்.

பிரியா_எஸ்

நானும் வருகிறேன், அப்பாவையும் கூட்டி வருகிறேன். இந்திய சிம்மோடு.

மீனா அக்கா, அந்த வெதர் ரேடியோ பற்றிக் கொஞ்சம் சொல்லுங்களேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

ஹன்ட்ஸ்வில்_மீனா

பிரியா, முப்பது நாற்பது டாலரில் நல்லதே கிடைக்கும். பேட்டரியிலும் ஓட வேண்டும், அது முக்கியம். வருடம் ஒருமுறை பேட்டரி மாற்று. ஊர்க் குறியீடு போடும் வசதி இருப்பதாகப் பார்த்து வாங்கு. இல்லையென்றால் சுற்றியுள்ள எல்லாக் கவுண்டிக்கும் நடுராத்திரியில் அலறி, கடைசியில் வேலு மாதிரி அணைத்துவிடுவாய். அம்மா அப்பா தூங்கும் அறையில் வை, ஹாலில் வேண்டாம்.

நார்மன்_வாசி

குறியீடு போடும்போது ஒரு கவனம். செயின்ட் லூயிஸ் நகரம் வேறு, செயின்ட் லூயிஸ் கவுண்டி வேறு. 1876-லேயே பிரிந்துவிட்டார்கள், ரேடியோவிலும் தனித்தனி எண்கள். நகரத்துக்கு 029510. கவுண்டிக்கு 029189. செயின்ட் சார்ல்ஸ் கவுண்டியில் இருப்பவர்களுக்கு 029183. புயல் மேற்கிலிருந்துதான் பெரும்பாலும் வரும் என்பதால், பிரியா, நீங்கள் நகரம், கவுண்டி இரண்டையும் போட்டு வையுங்கள்.